நாடா விதித்த ஒழுங்கு

யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் டம்ப் என்றொரு கட்டளை உண்டு. ஒரு கோப்பு முறைமையை முழுதாகக் காந்த நாடாவில் எழுதிப் பத்திரப்படுத்துவது அதன் வேலை. 1970களில் பிறந்தது. லினக்ஸிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ அதன் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால் பிறந்த காலத்து எண்கள் இரண்டு இன்னும் அங்கே இருப்பதைப் பார்க்கலாம். நாடா எவ்வளவு நீளம் என்று நாம் சொல்லாவிட்டால் 2300 அடி என்று டம்ப் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நெருக்கமாக எழுதலாம் என்று சொல்லாவிட்டால் அங்குலத்துக்கு 1600 பைட் என்று வைத்துக்கொள்ளும்.

இவை அரை அங்குல அகலமுள்ள ரீல் நாடாவின் அளவுகள். பழைய படங்களில் கணினி அறை என்று காட்டினால் சுவரோரம் அலமாரி அலமாரியாகச் சுழன்றுகொண்டிருக்குமே, அந்த ரீல்கள்தான். முழு ரீல் 2400 அடி. இடைவெளியே விடாமல் எழுதினாலும் அதில் ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். தொகுதிகளுக்கு நடுவே விட வேண்டிய வெற்றிடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். எல்டிஓ என்னும் நாடா வகையில் 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறைக் கேட்ரிட்ஜ் உள்ளங்கையில் அடங்குகிறது. அதற்குள் 1035 மீட்டர் நாடா, 18 டெராபைட் கொள்ளளவு. நீளம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. கொள்ளளவோ ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது.

அடர்த்தி இவ்வளவு வளர்ந்தும் நாடாவின் அடிப்படைக் குணம் மாறவில்லை. அது வரிசையாகத்தான் ஓடும். இந்த ஒரு கட்டுப்பாடு டம்ப்பை எழுதியவர்களை எப்படியெல்லாம் யோசிக்க வைத்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. தாராளமாக இடமும் வேகமும் கிடைத்திருந்தால் அவர்கள் இவ்வளவு கவனமாக ஒன்றைச் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. அந்தக் கவனம் இன்றும் நமக்குப் பயன்படுகிறது.

பழைய பாட்டுக் கேசட்டை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். ஏழாவது பாட்டு வேண்டுமென்றால் முதல் ஆறு பாட்டின் நீளத்தையும் சுற்றித் தள்ளியாக வேண்டும். வட்டில் அப்படியில்லை. படிக்கும் ஹெட் சில மில்லி விநாடிகளில் எந்த இடத்துக்கும் தாவிவிடும். நாடாவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக நிமிடக்கணக்கில் ஆகும். இதைவிடக் கடுமையான விதி இன்னொன்றும் உண்டு. எழுதியதை நடுவில் திருத்த முடியாது. ஓர் இடத்தில் எழுதத் தொடங்கிவிட்டால், அதற்குப் பின்னால் முன்பு இருந்தது எல்லாம் போனதாகவே கணக்கு. எழுதி முடித்த இடத்தில் ‘தரவு இத்துடன் முடிந்தது’ என்று டிரைவ் குறி வைக்கும். அந்தக் குறியைத் தாண்டிப் படிக்க மறுக்கும்.

இந்த விதியால் விளைந்த ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். நாடா டிரைவுக்கு யுனிக்ஸில் இரண்டு பெயர்கள் இருக்கும். லினக்ஸில் எஸ்டி0 என்பது ஒன்று, என்எஸ்டி0 என்பது மற்றொன்று. சோலாரிஸில் 0 என்பது ஒன்று, 0என் என்பது மற்றொன்று. கருவி ஒன்றேதான். ‘என்’ சேராத பெயரில் எழுதினால், வேலை முடிந்ததும் நாடா தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றப்படும். ‘என்’ சேர்ந்த பெயரில் எழுதினால், முடித்த இடத்திலேயே நிற்கும். ஒரே நாடாவில் மூன்று கோப்பு முறைமைகளை அடுத்தடுத்து எழுத நினைத்து, மூன்று டம்ப் வரிகளை ஒரு ஸ்கிரிப்டில் வைத்து, இரவு தோறும் ஓடும்படி ஒருவர் அமைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒற்றை எழுத்தை விட்டிருந்தால் என்ன ஆகும்? முதலாவது டம்ப் எழுதப்படும், நாடா திரும்பச் சுற்றும். இரண்டாவது அதன் மேலேயே எழுதப்படும், மறுபடி சுற்றும். மூன்றாவது அதற்கும் மேலே. காலையில் பதிவேட்டைப் பார்த்தால் மூன்றும் வெற்றி என்றே இருக்கும். பிழைச் செய்தி ஒன்றுகூட வராது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை பிழை எதுவுமே நடக்கவில்லை. நாடாவில் மிஞ்சியிருப்பது கடைசிக் கோப்பு முறைமை மட்டும். வட்டு பழுதாகும் நாள் வரை இது வெளியே தெரியாது.

யுனிக்ஸுக்கும் நாடாவுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை உருவாக்கினார்கள். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் கையேட்டிலேயே டேப் என்ற பெயரில் நாடாவைக் கையாளும் கட்டளை ஒன்று இருந்தது. பிறகு டிபி வந்தது. 1979 ஜனவரியில் ஏழாம் பதிப்போடு டார் வந்தது. ‘டேப் ஆர்க்கைவ்’ என்பதன் சுருக்கம்தான் டார். இன்று இணையத்திலிருந்து மூலநிரல் பொதிகளை இறக்கும்போது டார் என்று முடியும் கோப்புகளைப் பார்க்கிறோம். டாக்கர் கொள்கலன்களின் அடுக்குகளும் டார் வடிவில்தான் இருக்கின்றன. நாடாவைக் கண்ணால் பார்த்திராத நிரலாளர்கள்கூட நாளெல்லாம் நாடாவின் வடிவத்தைக் கையாள்கிறார்கள்.

டார் எழுதும் முறை எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் அளவில் ஒரு தலைப்புத் தொகுதி. பெயர், உரிமையாளர், அளவு, தேதி ஆகியவை அதில் இருக்கும். அதன் பின்னே கோப்பின் உள்ளடக்கம். அப்புறம் அடுத்த கோப்பின் தலைப்பு. இப்படியே போய், கடைசியில் சுழியங்கள் மட்டும் நிறைந்த இரண்டு தொகுதிகளோடு முடியும். நாடாவுக்கு அனுப்பும்போது இருபது தொகுதிகளைச் சேர்த்து 10240 பைட்டாக எழுதுவது வழக்கம். மொத்தத்துக்கும் பொதுவான பொருளடக்கம் என்று எதுவும் கிடையாது. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியவே முழு நாடாவையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. நடுவில் ஓர் இடம் கெட்டுப்போனால், அதைத் தாண்டி அடுத்த தலைப்பைக் கண்டுபிடித்து மீதியை மீட்டுவிடலாம். மொத்தத்தையும் ஒரே ஓட்டமாகச் சுருக்கி எழுதியிருந்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய நாடாவில் மென்பொருளால் சுருக்கி எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்டிஓ டிரைவுகள் தாமாகவே சுருக்கி எழுதக்கூடியவை, அது போதும்.

டம்ப் வேறு வழியில் போகிறது. அதைப் புரிந்துகொள்ள ஐநோடு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். யுனிக்ஸில் ஒரு கோப்பின் பெயர் கோப்போடு ஒட்டியிருப்பதில்லை. கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, எப்போது மாறியது, வட்டில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடு என்னும் சிறு பதிவில் இருக்கும். ஒவ்வொரு ஐநோடுக்கும் ஓர் எண். ‘இந்தப் பெயர் இந்த எண்’ என்ற பட்டியல்தான் அடைவு. டார் நம்மைப் போலவே பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறந்து படிக்கிறது. டம்ப் அந்தக் கதவைத் தொடுவதே இல்லை. வட்டின் கச்சா வடிவத்தை நேராகப் படித்து, ஐநோடுகளை எண் வரிசையில் பார்த்துக்கொண்டே போகிறது. எந்தக் கோப்பையும் ‘திறக்காததால்’, கோப்பு கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்ற நேரக் குறிப்பு கலைவதில்லை. உள்ளே ஒன்றும் எழுதாமல் வெற்றாக விடப்பட்ட ஓட்டைகள் கொண்ட கோப்புகளையும் ஓட்டை ஓட்டையாகவே காப்பாற்றுகிறது.

கட்டளை மிகச் சிறியது. டம்ப் என்ற சொல், அடுத்து 0, யூ, எஃப் என்று மூன்று குறிகள், பிறகு நாடா டிரைவின் பெயர், கடைசியில் கோப்பு முறைமையின் பெயர். 0 என்பது மட்டம், அதாவது எல்லாவற்றையும் எடு என்று பொருள். யூ என்றால், வெற்றிகரமாக முடிந்தால் தேதியைக் குறித்துவை. எஃப் என்றால், எழுத வேண்டிய இடம் அடுத்து வருகிறது. அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டால் டம்ப் தன் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தள்ளிவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினியில் இருக்கும் நாடாவுக்கு அனுப்பலாம். நாடாவே இல்லாமல், டம்ப் எழுதியதை மீட்கும் ரெஸ்டோர் கட்டளையை மறுமுனையில் வைத்து ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குக் கோப்பு முறைமையை நகர்த்தலாம்.

ஓட்டினால் திரையில் நான்கு கட்டங்கள் வரிசையாகத் தெரியும். முதல் கட்டத்தில் எந்தக் கோப்புகளை எடுக்க வேண்டும் என்று ஐநோடுகளைப் பார்த்து ஒரு வரைபடம் போடும். இரண்டாம் கட்டத்தில் அந்தக் கோப்புகளுக்குப் போய்ச் சேரத் தேவையான அடைவுகளைக் குறிக்கும். இதுவரை கோப்பின் உள்ளடக்கம் ஒரு பைட்கூட நாடாவுக்குப் போயிருக்காது. மூன்றாம் கட்டத்தில் அடைவுகளை மட்டும் எழுதும். நான்காம் கட்டத்தில்தான் கோப்புகள்.

ஏன் இந்தச் சுற்று வழி? நாடாவில் திரும்பிப் போய் முன்பக்கத்தில் பொருளடக்கம் எழுத முடியாது. ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே, எழுதப்போவது எதுவென்று முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த முன்யோசனையின் பலன் மீட்கும்போது கிடைக்கிறது. ரெஸ்டோர் கட்டளையை உரையாடல் முறையில் தொடங்கினால், அது நாடாவின் முன்பகுதியை மட்டும் படித்து அடைவுகள் அனைத்தையும் நினைவில் கட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் வட்டில் உலாவுவதுபோல நாடாவில் உலாவலாம். ஓர் அடைவுக்குள் நுழையலாம், பட்டியல் பார்க்கலாம், வேண்டிய கோப்புகளைக் குறித்துக்கொள்ளலாம். ‘எடு’ என்று சொன்னதும் நாடா முன்னோக்கி ஒரே ஓட்டமாக ஓடி, குறித்தவற்றை மட்டும் இறக்கும். கோப்புகள் ஐநோடு எண் வரிசையில் எழுதப்பட்டிருப்பதால், பல நாடாக்களில் பரவிய டம்ப்பாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. சில கோப்புகள் மட்டும் தேவையென்றால் கடைசி நாடாவிலிருந்து தொடங்கி முதல் நாடாவை நோக்கி வரும்படி ரெஸ்டோரே யோசனை சொல்லும். தேவையான எண்கள் இல்லாத நாடாவை அது விரைவாகத் தள்ளிவிட முடியும். எழுபதுகளின் இயந்திரத்துக்காக யோசித்த இந்த ஒழுங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது மட்டங்களுக்கு வருவோம். டம்ப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது.

தினமும் முழுக் கோப்பு முறைமையையும் எழுதுவது நடக்காத காரியம். மாறியதை மட்டும் எழுதினால் போதும். ஆனால் எதிலிருந்து மாறியது? டம்ப்பின் பதில்: 0 முதல் 9 வரை மட்டங்கள். ஒரு மட்டத்தில் எடுத்தால், அதைவிடச் சிறிய எண்ணில் கடைசியாக எடுத்த டம்ப்புக்குப் பின் மாறிய அனைத்தும் நாடாவில் போகும். எப்போது எந்த மட்டம் எடுத்தோம் என்பது ஈடிசி அடைவில் டம்ப்டேட்ஸ் என்ற சாதாரண உரைக் கோப்பில் வரி வரியாக இருக்கும். கண்ணால் படிக்கலாம், தேவையானால் கையால் திருத்தலாம். யூ குறியை மறந்தால் அந்த வரி எழுதப்படாது. அடுத்த டம்ப் தவறான நாளிலிருந்து கணக்கிடும்.

ஞாயிறு அன்று 0 எடுத்துவிட்டு, திங்கள் முதல் சனி வரை 1, 2, 3, 4, 5, 6 என்று போனால் என்ன? ஒவ்வொரு நாளும் முந்தைய நாளுக்குப் பின் மாறியது மட்டுமே போகும். நாடா மிச்சம். ஆனால் சனிக்கிழமை இரவு வட்டு போனால் ஏழு நாடாக்களும் வேண்டும், ஒன்று கெட்டிருந்தாலும் நடுவில் ஒரு நாளின் வேலை தொலையும். அப்படியானால் தினமும் 1 என்றே எடுத்தால்? மீட்க இரண்டே நாடாக்கள் போதும், ஆனால் வாரம் போகப்போக ஒவ்வொரு நாடாவும் பெருத்துக்கொண்டே போகும்.

டம்ப்பின் கையேடு மூன்றாவது வழி ஒன்றைச் சொல்கிறது: 3, 2, 5, 4, 7, 6, 9, 8. ஹனோய் கோபுரப் புதிரின் விதியைக் கொஞ்சம் மாற்றிச் செய்த வரிசை என்று அதுவே குறிப்பிடுகிறது. முன்னும் பின்னுமாகத் துள்ளும் இந்த எண்களைப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். ஒவ்வொரு நாளாக நடந்து பார்த்தால் தெளிந்துவிடும். ஞாயிறு 0. திங்கள் 3, ஆகவே ஞாயிறுக்குப் பின் மாறியவை. செவ்வாய் 2. இரண்டைவிடச் சிறிய எண் 0 மட்டுமே இருப்பதால், திங்களின் மாற்றமும் செவ்வாயின் மாற்றமும் சேர்ந்து இதில் வரும். புதன் 5, செவ்வாய்க்குப் பின் மாறியவை. வியாழன் 4. நான்கைவிடச் சிறியதில் கடைசியாக எடுத்தது செவ்வாயின் 2, ஆகவே புதனும் வியாழனும் இதில் சேரும். வெள்ளி 7, சனி 6 என்று அதே நடை தொடரும். சனி இரவு மீட்க வேண்டுமானால் ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி ஆகிய நான்கு நாடாக்கள் போதும். திங்கள், புதன், வெள்ளி நாடாக்களில் இருப்பவை மறுநாள் நாடாக்களிலும் இருப்பதால், அந்த மூன்றில் ஒன்று கெட்டுப்போனாலும் கவலையில்லை. எந்த நாடாவும் மிகவும் பெருப்பதில்லை. வாரத்துக்கு ஒரு 1, பிறகு மீண்டும் 3இலிருந்து தொடங்கும் வரிசை. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை புது நாடாவில் 0, அதை என்றைக்கும் அழிக்காமல் வைத்திருங்கள் என்கிறது கையேடு.

மாறியதைக் காப்பாற்றுவதோடு வேலை முடிவதில்லை. அழிந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். ஞாயிறு இருந்த ஒரு கோப்பைப் புதன்கிழமை யாரோ வேண்டுமென்றே நீக்கியிருப்பார்கள். மாறிய கோப்புகளை மட்டும் சேமிக்கும் எளிய முறையில் ‘இல்லாமை’ எங்கேயும் பதிவாவதில்லை. முழுவதும் மீட்டால் நீக்கிய கோப்புகள் எல்லாம் மறுபடி உயிர்பெற்று வந்து நிற்கும், சில சமயம் வட்டு நிரம்பியே வழியும். டம்ப் ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் அந்த நேரத்தில் எந்தெந்த ஐநோடுகள் காலியாக இருந்தன என்ற வரைபடத்தையும் எழுதிவிடுகிறது. ரெஸ்டோர் அதைப் பார்த்து, முந்தைய மட்டத்திலிருந்து இறக்கியவற்றில் இருக்கக் கூடாதவற்றை நீக்கிவிடும். டாரின் தொடக்ககால வடிவத்தில் இது கிடையாது. க்னூ டாரில் பின்னர் இதற்கென்று தனி வசதி சேர்த்தார்கள்.

இத்தனை நுணுக்கங்களையும் யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். எலிசபெத் ஸ்விக்கி என்ற கணினி நிர்வாகி 1991இல் சிஸ்டம் நிர்வாகிகளின் லிசா மாநாட்டில் ஓர் ஆய்வை முன்வைத்தார். ஓட்டைகள் உள்ள கோப்புகள், விசித்திரமான எழுத்துகளைப் பெயரில் கொண்ட கோப்புகள், படிக்க அனுமதியில்லாத கோப்புகள், எடுத்துக்கொண்டிருக்கும்போதே அளவு மாறும் கோப்புகள், நடுவில் தோன்றி மறையும் கோப்புகள் என்று வேண்டுமென்றே சிக்கலான கோப்பு முறைமைகளைக் கட்டி, அன்றிருந்த காப்பு நிரல்கள் பலவற்றை அவற்றின் மேல் ஓட்டி, மீட்டும் பார்த்தார். ஒழுங்காகத் தேறியவற்றில் டம்ப் முதலில் நின்றது. மற்றவற்றில் பலவும் ஏதாவதொரு இடத்தில் சத்தமில்லாமல் தவறின.

அதற்காக டம்ப்பைக் குறையில்லாத ஒன்றாகக் காட்டுவது நேர்மையாகாது. வட்டைக் கச்சாவாகப் படிப்பது அதன் பலம் என்றேனே, அதுவே அதன் பலவீனமும். யாரோ எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையை எடுத்தால், முதல் கட்டத்தில் போட்ட வரைபடத்துக்கும் நான்காம் கட்டத்தில் வட்டில் இருப்பதற்கும் பொருத்தம் இராது. ஆகவே கோப்பு முறைமையைக் கழற்றிவிட்டோ, ஒற்றைப் பயனர் நிலைக்குப் போயோ எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. லினக்ஸில் சிக்கல் இன்னும் பெரிது. எழுதப்பட்ட தரவு முதலில் கெர்னலின் நினைவகத்தில் தங்கி, பிறகுதான் வட்டுக்குப் போகிறது. வட்டை நேராகப் படிக்கும் டம்ப்புக்கு அந்தத் தரவு கண்ணில் படாமலே போகலாம். 2.4 கெர்னல் வந்த 2001இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே டம்ப்பை நம்ப வேண்டாம் என்று கடுமையாகச் சொன்னார். பயன்பாட்டில் இருக்கும் லினக்ஸ் கோப்பு முறைமையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

தீர்வு ஸ்னாப்ஷாட். ஒரு நொடியில் கோப்பு முறைமை எப்படி இருந்ததோ அந்த நிலையை உறையவைத்து, அந்த உறைந்த பிரதியிலிருந்து எடுப்பது. ஃப்ரீபிஎஸ்டியின் டம்ப்பில் எல் என்ற குறியைச் சேர்த்தால் அதுவே ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளும். சோலாரிஸில் டம்ப்பின் வடிவமான யுஎஃப்எஸ்டம்ப்போடு எஃப்எஸ்ஸ்னாப் கட்டளையைச் சேர்த்துச் செய்வார்கள். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோருக்கு எக்ஸ்எஃப்எஸ்டம்ப் இருக்கிறது, அதிலும் 0 முதல் 9 வரை அதே மட்டங்கள். இசட்எஃப்எஸ் முறைமையில் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவிலான வேறுபாட்டை மட்டும் அனுப்பும் வழி கட்டளையாகவே உள்ளது. பெயர்கள் மாறினாலும் ‘எதிலிருந்து மாறியது’ என்ற டம்ப்பின் கேள்விக்கு மேல்தான் எல்லாமே நிற்கின்றன.

டம்ப்பின் இன்னொரு பழைய பழக்கம் நிர்வாகிகளைப் பொய் சொல்ல வைத்தது. நாடா எப்போது தீரும் என்பதை அது டிரைவிடம் கேட்காமல், நீளத்தையும் அடர்த்தியையும் பெருக்கித் தானே கணக்கிடும். ரீல் காலத்தில் அது சரி. 1980களின் இறுதியில் 8 மில்லிமீட்டர் எக்ஸாபைட் கேட்ரிட்ஜ்கள் வந்தன. 400 அடிகூட இல்லாத நாடா, ஆனால் 2 கிகாபைட்டுக்கு மேல் கொள்ளும். ரீல் கணக்கில் விட்டால் டம்ப் அதில் 40 மெகாபைட் எழுதிவிட்டு அடுத்த நாடாவைக் கேட்கும். ஆகவே சன் கணினிகளில் நீளம் 6000 அடி, அடர்த்தி 54000 என்று மெய்யில்லாத எண்களைக் கொடுத்து அதைச் சமாளித்தார்கள். பிறகு வந்த டம்ப்புகளில் நாடாவின் முடிவைத் தானே உணரும் குறி சேர்க்கப்பட்டது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்டிஓ ஒன்பதாம் தலைமுறை விநாடிக்கு 400 மெகாபைட் எழுதும். அந்த வேகத்திலும் ஒரு கேட்ரிட்ஜ் நிரம்பப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். கணினி அதற்கு ஈடாகத் தரவைக் கொடுக்காவிட்டால் நாடா நின்று, பின்னால் வந்து, மறுபடி வேகம் பிடித்து ஓட வேண்டும். இது திரும்பத் திரும்ப நடந்தால் ஹெட்டும் தேயும், நாடாவும் தேயும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைந்த முறைமையை நேராக நாடாவுக்கு அனுப்பாமல், முதலில் வட்டில் சேர்த்து வைத்துவிட்டு மொத்தமாக ஓட்டுவது நல்லது.

வட்டு மலிந்துவிட்ட காலத்தில் நாடா எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2011 பிப்ரவரி 27 நினைவிருக்கட்டும். அன்று ஜிமெயிலில் சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த ஒரு பிழையால் ஒரு பகுதிப் பயனர்களின் அஞ்சல் பெட்டிகள் வெறுமையாகிவிட்டன. மொத்தப் பயனர்களில் 0.02 சதவீதம் பேர் என்று கூகுள் சொன்னது. அவர்களுடைய அஞ்சல்களுக்குப் பல தரவு மையங்களில் பல பிரதிகள் இருந்தன. எல்லாப் பிரதிகளும் ஒரே மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் பிழை எல்லாவற்றையும் தொட்டது. கடைசியில் அஞ்சல்கள் திரும்பி வந்தது நாடாவிலிருந்துதான். நாடா இணைப்பில் இல்லாததால் அந்தப் பிழை அதை எட்டவில்லை என்று கூகுளே விளக்கம் தந்தது.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வலிமிகுந்தது. அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் காப்பு நகல் அமைப்பில் பழைய பதிவேடுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் திருத்திய பதிப்பை அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். பேஷ் ஷெல் ஸ்கிரிப்டை முழுவதும் ஒரேயடியாக வாசித்துக்கொள்வதில்லை, ஓட ஓட வாசிக்கும். ஆகவே புதிய பதிப்பு நடுவிலிருந்து ஓடத் தொடங்கியது. மதிப்புத் தரப்படாத ஒரு மாறியோடு அழிக்கும் கட்டளை இயங்கி, பதிவேடுகளுக்குப் பதிலாக ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியில்லாமல் போனது. அமைப்பை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. காப்பாற்ற எழுதிய நிரலே அழித்தது என்பதால் இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு நிர்வாகியும் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டிரைவுக்கு வெளியே அலமாரியில் கிடக்கும் நாடாவை எந்த ஸ்கிரிப்ட்டாலும், எந்த ரான்சம்வேராலும் தொட முடியாது.

நாடாவுக்கும் ஆபத்து உண்டு. அது நாடாவிலிருந்து வருவதைவிட அதைப் படிக்கும் கருவியிலிருந்தே அதிகம் வருகிறது. எல்டிஓ டிரைவுகள் ஏழாம் தலைமுறை வரை தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் முந்தைய ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கின்றன. முப்பது ஆண்டு தாங்கும் என்று விற்கப்படும் நாடாவை வைத்திருந்தும், அதைப் படிக்க டிரைவ் கிடைக்காத நிலை பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். டென்னிஸ் ரிட்சி பாதுகாத்த பழைய டெக்டேப் நாடாக்களில் சி மொழியின் மிக ஆரம்பகாலக் கம்பைலர்கள் இரண்டு இருந்தன. பால் விக்ஸியும் கீத் பாஸ்டிக்கும் ஒரு பழைய டெக்டேப் டிரைவுக்கு உயிர் கொடுத்ததால்தான் அவை வெளியே வந்தன. 2025இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகச் சேமிப்பறையில் 1973ஆம் ஆண்டின் யுனிக்ஸ் நான்காம் பதிப்பு அடங்கிய ரீல் ஒன்று கிடைத்தது. அதைக் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குக் கொண்டுபோய், ஹெட்டில் எழும் மின்னலைகளை அப்படியே பதிந்து, மென்பொருளால் பிரித்துப் படித்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தரவு இருந்தது. அதைப் படிக்கத்தான் அத்தனை ஏற்பாடு தேவைப்பட்டது. நாடா வாங்கும்போதே, அடுத்த தலைமுறைக்கு எப்போது பெயர்த்து எழுதுவது என்ற தேதியையும் குறித்துவிட வேண்டும்.

நாடாவைச் சோதிப்பதிலும் டம்ப் ஒரு சிறு பொறி வைத்திருக்கிறது. ரெஸ்டோரிடம் பட்டியல் கேட்டால் எல்லாப் பெயர்களும் அழகாக வந்துவிடும். அடைவுகள் முன்பகுதியிலேயே இருப்பதால் அந்தப் பட்டியலுக்கு நாடாவின் தொடக்கம் மட்டும் நன்றாக இருந்தால் போதும். மீதி நாடா கெட்டிருந்தாலும் பட்டியல் குறையில்லாமல் வரும். உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், அடுத்த டம்ப் முடிந்ததும் ரெஸ்டோரை உரையாடல் முறையில் தொடங்கி, விவரமான பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஐநோடு எண் தெரியும். இருப்பதிலேயே பெரிய எண் உள்ள கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு காலி அடைவில் இறக்கி, மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது நாடாவின் கடைசிப் பகுதியில் இருக்கும் கோப்பு.